மதில்மேல் ஈப்புலி

கேள்வி: மாகறலில் எங்கள் தோட்டத்து மதிலில் சுண்டுவிரல் நகமளவு ஓர் எட்டுக்கால் பூச்சி. கறுப்பு உடம்பு, தலையிலிருந்து முதுகு நெடுக வெள்ளைக் கோடு, பின்பக்கம் இரண்டு வெள்ளைப் பொட்டு. தாவித் தாவிப் போகிறது. யார் இவர்?

பதில்: ஈப்புலி! பழைய அகராதிகளில் உள்ள சொல். வலைகட்டிக் காத்திராமல், பதுங்கிப் பாய்ந்து ஈயைப் பிடிப்பதால் வந்த பெயர். இப்போது ‘தாவும் சிலந்தி’ என்று எழுதுகிறோம்; எனக்கு ஈப்புலியை விட மனமில்லை.

குடும்பத்தைக் கண்டுகொள்ள முகம் போதும். சதுர முகம், முன்வரிசையில் நான்கு கண், நடுவில் உள்ள இரண்டும் லாரி ஹெட்லைட் மாதிரிப் பெரியவை. இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இனம் சொல்வதுதான் கஷ்டம். உங்கள் கோடும் பொட்டும் பிளெக்சிப்பஸ் பேகுல்லி ஆணுக்குப் பொருந்துகின்றன. 1826-இல் பெயர் பெற்றது, வீட்டுச் சுவர்களை விரும்புவது. பெண் பழுப்பாக இருக்கும். அதே மதிலில் சாம்பல் நிறத்தில், அமுக்கிவைத்தாற்போல் தட்டையாக ஒன்று திரிந்தால் அது வேறு ஆள்: மெனெமெரஸ் பைவிட்டேட்டஸாக இருக்கலாம். சத்தியம் செய்து சொல்ல நுண்ணோக்கி வேண்டும். ஆணுக்கு முகத்தருகே உள்ள குட்டைக் கைகளின் நுனியைப் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். குஞ்சென்றால் அதுவும் உதவாது.

கேள்வி: என்னையே திரும்பிப் பார்க்கிறதே?

பதில்: நிஜமாகவே பார்க்கிறது. பக்கவாட்டுக் கண்களில் அசைவு பட்டதும் உடம்பைத் திருப்பி, பெரிய கண்களால் உங்களை ஆராய்கிறது. அந்தக் கண்கள் உள்ளே நீண்ட குழாய்கள். முன்னால் வில்லை அசையாது. பின்னால் விழித்திரை அங்குமிங்கும் நகரும்.

கேள்வி: தறிக்காரர் வீடு எங்களது. இதற்கு நூலே கிடையாதா?

பதில்: உண்டு. தாவும் முன் நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பாயும். கால் தவறினால் அந்த நூலில் தொங்கி ஏறிவரும். இலை மடிப்பில் நூலால் பை கட்டி, அதற்குள் உறங்கும், தோலுரிக்கும், முட்டையிடும்.

கேள்வி: சிலந்தி நூலில் புடவை நெய்யலாமா?

பதில்: மடகாஸ்கரில் வேறொரு சிலந்தியின் நூலில் சுமார் 11 அடி நீளத் துணி நெய்து, 2009-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். சாயமே போடாத பொன்னிறம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து, நூலெடுத்து, திரும்ப விட்டார்கள். புழு வளர்ப்பதுபோல் ஒரே தட்டில் வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் தறிக்குப் போட்டியில்லை.

கேள்வி: கையில் கொப்புளம். ‘எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருக்கு’ என்கிறார் மாமியார்.

பதில்: அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள், பழி தப்பான ஆள்மேல் விழுகிறது. ஈப்புலியின் விஷம் நம்மை ஒன்றும் செய்யாது. விளக்குக்கு வரும் செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு மெல்லிய வண்டைத் தோலில் நசுக்கினால் அதன் நீர் சுடும், கொப்புளிக்கும். அக்கியாகவும் இருக்கலாம். அதற்கு மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. இன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மல்லிகைக்கு மருந்தடிக்கப் போகிறோம். இதற்கும் ஆபத்தா?

பதில்: ஆமாம், புழுவோடு புலியும் போகும். முதலில் புழு விழுந்த மொட்டுகளைப் பொறுக்கியெடுத்துப் பாருங்களேன். உங்கள் ஊர் திருமாகறலீஸ்வரரையே உடும்பின் வால் வடிவாக வணங்குகிறீர்கள். திருவானைக்காவில் பூசித்த சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்கிறார்கள். அந்த மதிலில் இதற்கும் ஓர் இடம் கேட்கிறேன்.

கேள்வி: குழந்தைகளுக்குக் காட்ட ஏதாவது வேடிக்கை?

பதில்: முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அதன் எதிரே பிடியுங்கள். உள்ளே இன்னோர் ஆண் நிற்கிறான் என்று முன்கால்களைத் தூக்கி முறைக்கலாம். இரண்டு நிமிஷம் போதும். பகல்தான் அது இரை தேடும் நேரம்.