மொட்டைமாடி வள்ளலார்கள்

வாடிய பயிருக்காக உருகிய வள்ளலார் கைக்குழந்தையாகச் சில காலம் இருந்தது பொன்னேரி அருகே சின்னக்காவணத்தில். அந்தக் கருணை இன்று கும்மிடிப்பூண்டி மொட்டைமாடிகளில் வாளி வாளியாக வழிகிறது. பாராட்டத்தான் வேண்டும்.

உச்சிவெயிலில் தக்காளி தலை தொங்கினால் தண்ணீர். வெயில் தாழ்ந்தால் தானே நிமிரும் என்பவன் கல்நெஞ்சக்காரன். தொட்டியில் நீர் தேங்கி, மூச்சு முட்டி வேர் அழுகுகிறது. செடி மேலும் வாடுகிறது. ஆகவே இன்னொரு வாளி. கொத்தமல்லிக்கோ மோர், வேப்பம் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் என்று ஒரே நாளில் முழு விருந்து. அடக்கம் செய்தபின் வாட்ஸ்அப் குழுவில் படம், கைகூப்பல்கள்.

ஒரு வீட்டில் மட்டும் கத்தரி காய்த்துக் குலுங்குகிறது. சிப்காட்டில் அந்த வீட்டுக்காரருக்கு டபுள் ஷிப்டு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாடி ஏறுகிறார். இரக்கமில்லாதவர் என்று குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.