ஃபர்ஸ்ட் இயர் டாக்டர்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து கே.ஜி.எஃப்.-காரர்களுக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். சனிக்கிழமை சாயங்காலம் மாரிகுப்பம் ரயிலில் ஊர் திரும்பும் கூட்டத்தில் ஒருவரை மட்டும் சுலபமாக அடையாளம் காணலாம். வெள்ளைக் கோட்டின் ஒரு கை பைக்கு வெளியே தொங்கும். ஸ்டெதாஸ்கோப், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் இருக்கும். எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டு.

ஏறும்போது நிற்கத்தான் இடம். போனை எடுத்து, "நேத்து எங்க பாடியில நரம்பே கிடைக்கலடா" என்று உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்வார்கள். பங்காருப்பேட்டைக்கு வெகு முன்னாலேயே ஜன்னலோர சீட் அவருடையது.

சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கன்சல்டிங் ஆரம்பம்.

"தம்பி, முட்டி வலிக்கு என்ன மாத்திரை?"

"பெரியம்மா, முட்டியில எத்தனை லிகமென்ட் இருக்கு தெரியுமா?"

"அது கிடக்கட்டும். மாத்திரை?"

"அது ஃபார்மகாலஜி. செகண்ட் இயர்ல வரும்."

மனித உடம்பின் 206 எலும்புகளும் அவருக்கு மனப்பாடம். எந்த எலும்பும் வலிக்காமல் இருக்கும் வரை கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீட் எழுதப்போகும் பிள்ளைகள் வருவார்கள். "180 கேள்வி, 720 மார்க். தப்புக்கு ஒரு மார்க் போகும், தெரியாததைத் தொடாதே" என்பார். இது நல்ல அட்வைஸ். முட்டி வலி விஷயத்தில் அவரே கடைப்பிடிப்பது. "டென்ஷனே ஆகக் கூடாது. நான் தினம் எட்டு மணி நேரம் தூங்கினேன், ஒரே ஒரு வருஷம் டிராப்..." என்று போகும்போது காபி கொண்டுவரும் அம்மா, "ரெண்டு, கண்ணு" என்று திருத்திவிட்டுப் போவார்.

முதல் இன்டர்னலில் அனாட்டமி மார்க் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பள்ளியில் மார்க்குக்காகப் படித்த கன்னடத்தை வைத்துக்கொண்டு, மண்டியா பக்கத்துப் பாட்டி வார்டில் சொல்லும் வயிற்று வலியைப் புரிந்துகொள்ள முழித்ததையும் அவர் சொல்வதில்லை. மருத்துவம் சேருகிறவர்களுக்கு உண்மையில் உதவக்கூடிய தகவல் அது ஒன்றுதான்.

திண்ணையில் தாத்தா இருமுவார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர். பேரன் ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடி, நுரையீரலின் மடல்களை வரிசையாகச் சொல்வான். "சிலிகோசிஸ்டா. நீ பொறக்கறதுக்கு முந்தியே மைன்ஸ் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க" என்பார் தாத்தா. பார்க் எழுதிய சமுதாய மருத்துவப் புத்தகத்தில், இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது 1947-இல், கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு நம்மவர் இன்னும் வரவில்லை.

உங்கள் பிள்ளைக்கு மருத்துவ ஆசை இருந்தால் இவரிடம் அனுப்பாதீர்கள். நாலரை வருஷம் முடித்து, ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் வேலையில் இருக்கும் யாரையாவது, நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அவர் அதிகம் பேசமாட்டார். பேசுவதை எழுதிக்கொள்ளலாம்.