மூன்றரை மணி ஞானி

தொலைக்காட்சியில் பங்குச்சந்தை சொல்லும் நிபுணர் ஐயாவுக்கு, புதுச்சேரியிலிருந்து வணக்கம். உங்களைப் போல ஒருவர் எங்கள் ஊருக்கு முன்னாலேயே கிடைக்காமல் போனாரே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

கிடைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளைதான். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), பெரிய வியாபாரி, 1736-லிருந்து 1761-ல் சாகும் மட்டும் நாட்குறிப்பு எழுதியவர். ஆள் கெட்டிக்காரர் என்பார்கள். எனக்கென்னவோ விவரம் போதாது என்றுதான் படுகிறது. கப்பல் வந்தால், வந்தது என்று எழுதுவார். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதுவார். ஐரோப்பாவில் நடந்தது தெரிய மாதக்கணக்கில் கடலைப் பார்த்துக் காத்திருப்பார். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாளாவது 'நீலத்துணி வாங்கலாம், டார்கெட் இவ்வளவு, ஸ்டாப்லாஸ் இவ்வளவு' என்று ஊரைக் கூட்டிச் சொன்னாரா? சொந்த முதலைப் போட்டு வியாபாரம் செய்கிறவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

உங்கள் தைரியம் வேறு ஜாதி. 2024 ஜூன் 3-ஐ எடுத்துக்கொள்வோம். மக்களவைத் தேர்தல் வாக்குக்கணிப்புகள் வெளியான பின் சந்தை திறந்த முதல் நாள். சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. ஏன் ஏறியது என்று மூன்றரை மணிக்குச் சந்தை மூடிய கையோடு விளக்கினீர்கள். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 4,389 புள்ளி சரிந்தது. ஏன் சரிந்தது என்பதையும் அதே கோட்டு, அதே புன்னகையோடு விளக்கினீர்கள். வெள்ளிக்கிழமை 76,693-ல் முடிந்து, திங்கட்கிழமை நின்ற இடத்தையும் தாண்டிவிட்டது. அதற்கும் காரணம் உங்களிடம் தயார். சென்செக்ஸ் ஃபண்டு ஒன்றில் பணத்தைப் போட்டுவிட்டு, அந்த வாரம் பூராவும் டிவியே போடாமல் பெரிய மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தவருக்குக் கைநட்டம் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐந்து நாள் ஞானம் போச்சே!

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் யூரோவில் வருகிறது. உங்களைப் போன்ற ஒரு மகான் நேயர்களிடம் பேசும் நேரத்தில் லைன் கிடைத்துவிட்டது. “சார், 340-ல வாங்கினேன், இப்ப 190-ல நிக்குது.” மகான் அந்தக் கம்பெனியின் லாபம் என்ன, கடன் எவ்வளவு, புரமோட்டர் பங்கை அடகு வைத்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணடிக்கவில்லை. “லாங் டெர்ம்தானே? அஞ்சு பத்து வருஷம் ஹோல்டு பண்ணுங்க சார்.” தாத்தாவுக்கு வயது 84. எந்த டாக்டரும் கொடுக்கத் துணியாத ஆயுளை அரை நிமிஷத்தில் கொடுத்துவிட்டார். அதே வேகத்தில் அடுத்த நேயர்.

இப்படிப்பட்டவர்களைப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி சந்தேகப்படுகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 2021 ஜனவரியில் ஓர் இந்தி வணிகச் சேனலின் தொகுப்பாளர் மீது இடைக்கால உத்தரவு: நிகழ்ச்சியில் சொல்லப்போகும் பங்கு முதல் நாளே அவர் குடும்பத்தார் கணக்கில் வாங்கப்பட்டு, நேயர்கள் வாங்க வந்ததும் விற்கப்பட்டதாம். 2024 பிப்ரவரியில் இன்னொரு சேனலின் விருந்தினர்கள் மீதும் அதே மாதிரி புகார்; இவர்கள் பரிந்துரையை முன்கூட்டியே வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டார்களாம். இதில் என்ன தப்பு? பந்தி போடும் முன் சமையல்காரர் ருசி பார்ப்பதில்லையா? நேயர்கள் திரண்டு வந்து வாங்கும்போது விற்பதற்கு யாராவது வேண்டாமா? அந்தத் தியாகத்தைச் செய்திருக்கிறார்கள்.

செபியின் இன்னொரு கணக்கு, 2024 செப்டம்பரில் வந்தது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தரகு, வரி, கட்டணம் என்று போனது மட்டும் சுமார் 50,000 கோடி. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து லாபம் பார்த்தவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள். அவற்றுக்கு ஆர்டர் போட்டது கணினி. அதனோடு மோத நம் ஆட்கள் உங்கள் நிகழ்ச்சியையும் ஒரு செல்போனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வீரம் என்றால் இது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் நட்டப்பட்டவர்களில்கூட முக்கால்வாசிக்கு மேல் விடாமல் திரும்பி வந்தார்களாம். இத்தனை விசுவாசமான கூட்டம் எந்தச் சாமியாருக்கு வாய்த்திருக்கிறது?

உங்கள் குலத்துக்கு மூத்தவர் ஒருவருக்கு வாய்த்தது. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1719-ல் தன் மிசிசிப்பிக் கம்பெனியோடு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் இணைத்தார்; புதுச்சேரியும் அந்தச் சொத்தோடு சொத்தாகப் போனது. அமெரிக்காவின் லூசியானாவில் செல்வம் கொட்டிக் கிடக்கிறது என்ற செய்தியை பாரீஸ் நம்பியது. 500 லிவ்ர் முகமதிப்புள்ள பங்கு ஒரு வருஷத்துக்குள் 10,000-த்தைத் தொட்டது. 1720 டிசம்பரில் லா நாட்டை விட்டே ஓடினார். பாவம், மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு வந்து 'இது வெறும் கரெக்‌ஷன்' என்று சொல்லும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. குடும்பத்தை மட்டும் பிரான்ஸ் கைவிடவில்லை: அவருடைய தம்பி மகன்தான் 1765-ல் இந்த ஊருக்குக் கவர்னராக வந்தார்.

உங்களுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் டூப்ளே சிலை நிற்கிறது. கம்பெனிக்காகக் கைக்காசைப் போட்டு, அது திரும்பி வராமலே 1763-ல் பாரீசில் ஏழையாகச் செத்தவர். கைக்காசைப் போட்டு இழந்தவருக்குச் சிலை வைக்கலாம் என்றால் உங்கள் நேயர்களுக்கும் வைக்கலாம். பீடத்தில் உங்கள் பெயரையே பொறிக்கலாம் என்பது என் யோசனை. ஒரே சிக்கல் இடம்தான். கடற்கரைச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர். நெருக்கி நிறுத்தினாலும் ஒரு கோடிப் பேருக்கு முத்தியால்பேட்டையைத் தாண்டிப் போகும் போலிருக்கிறது.