திருகாணி இயல்: ஏர் ரைபிளின் வேகம் குறித்த ஓர் ஆய்வு

பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுவோர் இரு வகையினர்: பத்து அடித்தவர், துப்பாக்கியின் வேகம் சரியில்லை என்பவர். முன்னவர் ஆய்வுக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இக்கட்டுரை பின்னவரைப் பற்றியது என்க.

முதலில் கருவி. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, ரெகுலேட்டரில் தணிந்து ஒரு சிற்றறைக்கு வருகிறது. டிரிகரை அழுத்தியதும் ஸ்ப்ரிங் உந்திய சுத்தியல் வால்வைத் தட்ட, 0.53 கிராம் ஈயக்குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஜெர்மனியில் 7.5 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத்துப்பாக்கியை, ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ முத்திரையிட்டு, 18 வயதானவருக்கு உரிமமின்றி விற்கலாம். இதே குண்டு 168 மீட்டரில் போனால் 7.48 ஜூல். சட்டத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு இவ்வளவே.

அந்த ஸ்ப்ரிங்கின் பின்னால், வேகத்தை ஏற்றி இறக்கும் ஒரு திருகாணி உண்டு. நம் ஆய்வுப்பொருள் அதுவே.

திருகாணி குறித்து இரு கட்சிகள். குண்டு குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறினால் கை நடுக்கம் அதைத் தொடாது என்பது ஏற்றக் கட்சி. மெதுவாய்ப் போனால் துப்பாக்கி குலுங்காது என்பது இறக்கக் கட்சி. இரண்டுக்கும் அலன் கீ ஒன்றே என்பதால் இரவல் வாங்கும் அளவுக்கு நட்பு நீடிக்கிறது.

இவ்விரண்டும் அன்றி, வேகம் எதுவானாலும் மாறாதிருந்தால் போதும் என்பாரும் உளர். இவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது. காற்றுத் தடையைத் தள்ளிவிட்டால், பத்து மீட்டரைக் கடப்பதற்குள் குண்டு சுமார் 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. அதைக் குறிக்கருவி ஈடுகட்டிவிடும். வேகம் ஒரு மீட்டர் பிசகினால்தான் சிக்கல்: குண்டு 0.2 மில்லிமீட்டர் மேலோ கீழோ போகும். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்ற கடைசிக் குண்டு 10.8. அந்தப் புள்ளிக்கு நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர்தான் இடம். இரண்டரை மீட்டர் வேகப் பிசகே அதைத் தின்றுவிடும். பிந்த்ராக்கள் திருகாணியைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் உண்டு.

மற்றவர்களின் நிலை வேறு. வேகத்தை மட்டும் கொண்டு 8.7க்கு இறங்கவேண்டுமானால் அது 20 மீட்டருக்கு மேல் சரியவேண்டும். அதிலும் குண்டு கீழேதான் போகும். வேகத்துக்கு இடப்பக்கம் தள்ளத் தெரியாது. இடப்பக்கம் விழுந்த 8.7க்கும் வேகமே காரணம் என்று நிறுவுவதில் ஏற்றக் கட்சியார் காட்டும் புலமை தனி நூலுக்குரியது. ஈண்டு விரிக்கில் பெருகும்.

திருகாணியை இறுக்க இறுக்க வேகம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் ஏறாது, காற்றுதான் வீண். அந்த எல்லை தெரிந்ததும் சற்றே தளர்த்தி நிறுத்துவது அனுபவஸ்தர் வழக்கம். ரெகுலேட்டரில் கசிவு இருந்தாலோ, ஓய்வுக்குப் பின் சுடும் முதல் குண்டின் வேகம் மட்டும் தனியாக நிற்கும். அதற்குத் திருகாணி பொறுப்பல்ல, ஆனாலும் திருகப்படுகிறது.

வேகமானியும் ஐயத்துக்குரிய சாட்சியே. அதன் ஒளிக்கண்கள் டியூப்லைட்டின் சிமிட்டலையும் சில நேரம் குண்டென்று எண்ணிவிடும். 170, 171, 169 என்று ஒழுங்காகச் சொல்லிவந்தது, திடீரென நானூற்றுச் சொச்சம் என்னும். அந்த நானூறையும் சராசரியில் சேர்த்து, வேகம் கூடிவிட்டதென்று திருகாணியைத் தளர்த்துவோர் உளர். அவர்கள் குண்டுகள் இலக்கின் கீழ்ப்பாதியில் சேர்கின்றன. உடனே குண்டு டப்பாவை மாற்றுகிறார்கள்.