முதுகு உடைந்தது, வாக்கு உடையவில்லை

கேள்வி: கடவுளை நம்பினால் அடி விழாமல் காப்பாற்றுவாரா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பேராக்கிலுள்ள பாப்பான் ஊரில் விசாரித்துப் பாருங்கள்! ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில், காயம்பட்ட கொரில்லாப் போராளிகளுக்கு அங்கே ரகசியமாக வைத்தியம் பார்த்தவர் சிபில் கார்த்திகேசு. ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கத் தாதி. 1943இல் கைதானார். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் அடித்ததில் முதுகு உடைந்தது, வாக்கு உடையவில்லை. மகளை நெருப்புக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டியும் போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார்; சித்திரவதைக் காயத்தாலேயே 1948இல் ஸ்காட்லாந்தில் மறைந்தார். இன்று ஈப்போ மண்ணில் துயில்கிறார்.

அடி எல்லாருக்கும் விழும். தன்மேல் விழும் அடியைப் பிறர்மேல் தள்ளிவிடாத பலத்தைக் கடவுள் தருவார். சிபில் கேட்டதும் அதைத்தான்.