முதன்மனையார்

கீழ்நாட்டு வெயிலில் 30 வருஷம் வாடகை கொடுத்துச் சலித்து, ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்த மாதத்திலேயே, ஜவ்வாது மலைக் காற்றில் சொந்த வீடு கட்டிக்கொண்டு சாமைச் சோறும் மலைத்தேனுமாக மிச்சக் காலத்தைக் கழிப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டு, போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறி ஜன்னலோரம் அமரும் மனிதரை வாசகர்கள் அவசியம் பார்த்திருப்பார்கள். ஆயுளில் முதல் தடவையாக மனை வாங்கப் போகும் இந்தப் பிரகிருதிக்கு முதன்மனையார் என்று பெயரிட்டிருக்கிறேன்.

அவரைக் கருமி என்றால் பாவம் வந்து சேரும். இடம் காட்டிய தரகருக்குக் கமிஷன், ஈசானிய மூலையைக் கண்டுபிடித்த வாஸ்து நிபுணருக்குத் தட்சிணை, எல்லையம்மனுக்குப் பொங்கல், முகூர்த்தம் தவறக்கூடாதென்று வெற்றிலை பாக்குடன் நீட்டிய முன்பணம், எல்லாவற்றிலும் தாராளந்தான். வக்கீல் பேச்சை எடுத்தால் மாத்திரம் முகம் சுருங்கும். "அதெல்லாம் ரிஜிஸ்தர் அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்பார். அவர் கணக்கில் அந்தக் கட்டணம், கல்யாணம் முடிந்தபின் நாதஸ்வரக்காரருக்குத் தீர்க்கும் பாக்கி.

"சார், வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு. ஒரு என்ட்ரி கிடையாது, பளிச்சுன்னு இருக்கு!" என்கிறார் தரகர்.

நாலாக மடித்து ஜேபியில் வைத்ததால் மடிப்பெல்லாம் வியர்வை ஊறிய அந்தச் சான்றை முதன்மனையார் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பதிவேட்டில் ஏறிய விவகாரங்களை மாத்திரமே வில்லங்கச் சான்று சொல்லும். சர்க்கார் ஒப்படைத்த நாள்முதல் சார்பதிவாளர் அலுவலகப் படியையே மிதியாத நிலத்துக்கு வில்லங்கம் எங்ஙனம் தோன்றும்? மலையாளிப் பழங்குடியினருக்கு நிபந்தனைப் பேரில் கொடுத்த பூமியைப் பிறத்தியார் கிரயம் வாங்கலாகாதென்ற சங்கதி ஒப்படைப்பு ஆணையில் இருக்கிறது. அந்த ஆணையைத் தரகர் காட்டுவதில்லை, இவர் கேட்பதுமில்லை. இதே மலையில், காவலூரில், 2.34 மீட்டர் ஆடி பொருத்திய தூரதரிசினி 1986 முதல் நட்சத்திரங்களைத் துருவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது; மூக்குக் கண்ணாடி போட்ட நம்மவருக்கு ஒரு காகிதத்தைப் படிக்க அவகாசமில்லை.

கடைசியில் வக்கீலிடம் வருகிறார்.

"அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"ஆமாங்க ஐயா, நல்ல நாளாச்சேன்னு..."

வக்கீல் காகிதங்களை அடுக்கிக் கட்டித் திருப்பித் தருகிறார். "இது வேண்டாம்" என்ற அபிப்பிராயத்துக்கும் கட்டணம் உண்டென்று தெரிந்ததும் முதன்மனையாருக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம்னு சொல்றதுக்கா இத்தனை ஃபீஸ்?" என்று பஸ் நிலையம் வரை புலம்புகிறார். போன முன்பணத்தைப் பற்றி அவர் பிரஸ்தாபிப்பதே இல்லை, அது விதியாம்.

முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டையும் பதிவு வேளையில் கட்டிக்கொள்ளலாம், ஆட்சேபமில்லை. வக்கீலின் கட்டணமோ முன்பணத்துக்கு முந்தின நாளே கொடுத்தாக வேண்டியது. ஆகவே மலைமேல் மனை பார்க்கக் கிளம்பும் அன்பர்காள், பட்டா, 'அ' பதிவேட்டு நகல், ஒப்படைப்பு ஆணை, தாய்ப்பத்திரம் இருந்தால் அதுவும், ஒரு வக்கீல் கையில் கொடுத்து, கூடவே அவர் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.