சீமைச் சிலந்தி வாங்கப் போகிறவர்

செட்டிநாட்டுக்குச் சீமைச் சரக்கின் மேல் உள்ள பிரியம் இன்று நேற்று வந்ததல்ல. நெற்குப்பையில் ஒரு பழைய வீட்டு முகப்பில் ஏறி நின்றால் போதும், தூண் பர்மாத் தேக்கு, கண்ணாடி பெல்ஜியம், தரைக்கல் இத்தாலி என்று சொல்லித் தர யாராவது வந்துவிடுவார்கள். நாடு நாடாகச் சுற்றிப் பயண நூல்கள் எழுதிய சோமலெயின் ஊரும் இதுதான். கப்பல் சரக்கெல்லாம் வந்து முடிந்த பிறகு, இந்த வரிசையில் கடைசியாக இடம் கேட்டு நிற்பது மரத்தில் வாழும் டாரன்டுலா சிலந்தி. கேட்டு நிற்பவர் நம் கதாநாயகர்.

அவர் சிலந்தி வளர்ப்பவர் இல்லை. வாங்கப் போகிறவர். போன தீபாவளிக்கும் வாங்கப் போகிறவராகத்தான் இருந்தார்.

ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. பெங்களூரில் கணினி வேலை, கோயில் விசேஷத்துக்கு ஊர் வருகை. சித்தப்பா பேத்தியின் பெயரை ரெண்டு தடவை கேட்பார். கரிபெனா வெர்சிகலர் என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார். மார்ட்டினிக் தீவுச் சிலந்தி அது. குஞ்சில் நீலம், வளர வளரப் பச்சையும் செம்பழுப்புமாக நிறம் மாறும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை விளக்குவார். பக்கத்து இலைக்காரர் பாயசம் வேண்டாமென்று எழுந்துபோனதும் உண்டு.

ஒரே கவலை, முதல் சிலந்தி எதுவாக இருக்க வேண்டும் என்பது. எல்லோரும் கைகாட்டுவது அவிகுலேரியாவை. தென் அமெரிக்க மழைக்காட்டு மரங்களில் பட்டுக் குழாய் கட்டிக் குடியிருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு, கால் நுனி மட்டும் ரோஸ். கடிப்பதைவிட ஓடி ஒளிவதில்தான் அதற்கு ஆர்வம். ரொம்பத் தொந்தரவு செய்தால் எச்சத்தைக் குறிபார்த்துப் பீய்ச்சும். ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705இல் வெளியிட்ட சுரினாம் பூச்சி நூலில், கொய்யாக் கிளையில் ஒரு சிலந்தி ரீங்காரச்சிட்டைத் தின்பதுபோல் வரைந்தார். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் அவிகுலேரியா என்று பறவையைச் சேர்த்தே சிலந்திக்குப் பெயரும் வைத்துவிட்டார். இந்தப் படத்தை அப்பத்தாவிடம் காட்டியது நம்மவர் செய்த பெரிய ராஜதந்திரப் பிழை.

"ஏப்பா, பரண்ல இருக்குறதுக எல்லாம் பத்தாதுன்னா காசு குடுத்து வாங்கப் போறே?"

"அது வேற அப்பத்தா. இது மரத்துல இருக்குறது. தென் அமெரிக்கா."

"அமெரிக்கான்னா கடிக்காதா?"

நியாயமான கேள்விதான். அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு உண்டாக்கும் ரோமம் உண்டு. விஷம் சற்று மட்டு. ஆசிய, ஆப்பிரிக்கச் சிலந்திகளுக்கு அந்த ரோமம் கிடையாது. அதற்குப் பதிலாக வேகமும் வீரியமான விஷமும் இருக்கின்றன. அதனால்தான் நம் நாட்டு மரச்சிலந்திகளான பொசிலோதேரியா பேரினத்தை முதல் சிலந்தியாக வாங்காதே என்பார்கள். இவை கடித்துச் செத்தவர் என்று யாரும் பதிவாகவில்லை. ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வந்து வந்து போகும். நம்மவர் அவற்றைச் செல்லமாக 'பொக்கி' என்பார்.

சிலந்திதான் வரவில்லையே தவிர வீடு தயார். மண்ணில் வளை தோண்டும் சிலந்திக்கு அகலப் பெட்டி, மரச்சிலந்திக்கு உயரப் பெட்டி. அந்தப் பாடம் படிக்குமுன் அகலப் பெட்டி வாங்கிவிட்டார். அதில் இப்போது மின்னூட்டி வயர்கள் குடியிருக்கின்றன. இரண்டாவது வாங்கியது உயரமானது. பக்கவாட்டில் காற்றோட்டத் துளைகள், உள்ளே சாய்த்து வைக்கப் போர்ச்சுகல் கார்க் மரப்பட்டை. பின்கட்டுக்கு வெளியே புளியமரம் பட்டை உரிந்து நிற்கிறது, அதைப் பார்க்கவில்லை. மழைக்காட்டுப் பிராணி என்று தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, காற்றில்லாத பெட்டியில் புழுங்க வைத்துத்தான் பலர் அவிகுலேரியாவைக் கொல்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

உண்மையான வில்லன் பெட்டிக்கு வெளியே இருக்கிறான். அப்பத்தா மூலைக்கு மூலை லட்சுமண ரேகைச் சாக்கட்டியால் கோடு போடுகிறவர். அந்தக் கோட்டைத் தாண்டிவந்த கரப்பானைப் பிடித்துச் சிலந்திக்குப் போட்டால் சிலந்தியும் போய்ச்சேரும். ராத்திரி கொசு மருந்து வேறு. ஆகையால் சிலந்திக்கு இரை போடத் தனியாகச் சுத்தமான கரப்பான் வளர்க்க வேண்டும் என்று வீட்டில் அறிவித்தார். காசு கொடுத்துக் கரப்பானை ஒழிக்கும் வீட்டில், காசு கொடுத்துக் கரப்பான் வாங்கும் யோசனைக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடலாம்.

தோல் உரிக்கும்போது சிலந்தி மல்லாந்து படுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் அசையாது. இது தெரியாமல் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுவார்கள் என்பதால், பெட்டியில் ஒட்டுவதற்கு 'சாகவில்லை, தோல் உரிக்கிறது' என்று ஓர் அட்டைகூட எழுதி வைத்திருக்கிறார். முன்யோசனையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிறகு ஏன் வாங்கவில்லை? அருப்புக்கோட்டைதான் காரணம். 2021 ஜூலையில், போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். தெர்மாக்கோல் பெட்டி, அதற்குள் வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகள், குப்பிக்கு ஒன்றாக 107 உயிருள்ள சிலந்திகள். விலங்கியல் ஆய்வு நிறுவனத்தாரும் வன உயிரினக் குற்றத் தடுப்பு அதிகாரிகளும் வந்து பார்த்து, மெக்சிகோ பக்கத்து டாரன்டுலாக்களாக இருக்கலாம் என்றார்கள். அவர்கள் சந்தேகப்பட்ட பிராக்கிபெல்மா மரமேறிகூட அல்ல, தரைவாசி. இறக்குமதி அனுமதி இல்லாததால் 107 சிலந்திகளும் போலந்துக்கே திருப்பி அனுப்பும்படி தபால் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. மெக்சிகோ வம்சம், போலந்து வாசம், சென்னை வரை யாத்திரை. இந்தச் செய்தித் துணுக்கை நம்மவர் இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு சட்டமும் இறுகியது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வளர்ப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பொசிலோதேரியா பேரினம் முழுவதும் 2019இல் அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியச் சிலந்திப் பிரியர்கள் ஏங்குவது நம் சரக்குக்கு. ஆந்திரத்தின் குத்தி ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியை 1899இல் பொகாக் என்ற விலங்கியலாளர் விவரித்தார். அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் மறுபடி அகப்பட்டது. ஈழத்தில் மாங்குளத்துப் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் இருந்தது இன்னொன்று. கால் விரித்தால் சுமார் 20 சென்டிமீட்டர். 2012இல் விவரித்தபோது, தேட உதவிய காவல்துறை அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

நெற்குப்பைக்குக் கிட்டத்தில் உள்ளது ராமேஸ்வரம் சிலந்தி. தீவில் அனுமவிலாசம் கோயில் வளாகத்தில் கண்டதால் 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் அதற்குப் பொசிலோதேரியா அனுமவிலாசுமிக்கா என்று பெயரிட்டார். புளியமரப் பொந்திலும் பனைமரத்திலும் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். இருட்டிய பிறகு வெளியே வரும். 2008இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக அருகிவரும் இனங்களில் சேர்த்தது. பிடித்துப் போகிறவர்களைப் போலவே, தோப்பை அழித்து வீடு கட்டுகிறவர்களும் அதற்கு எமன். அனுமன் பெயர் வாங்கிய இந்தச் சிலந்தியைப் பற்றி நம்மவரிடம் கேட்டால், "அது உள்ளூர்தானே" என்கிறார். இந்த ஒரு பதிலுக்காகவே அவருக்கு எந்தச் சிலந்தியையும் யாரும் விற்கக் கூடாது.

காரைக்குடியிலிருந்து மானாமதுரை வழியாக ராமேஸ்வரத்துக்கு ரயில் இருக்கிறது, தம்பி. உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு டார்ச்சோடு ராத்திரி புளியந்தோப்புப் பக்கம் போய் நின்று பாருங்கள். பொந்துக்குள் குச்சி விட வேண்டாம், கையும் விட வேண்டாம். அந்த உயரப் பெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.